மாணவக் குறும்படத்துக்குப் பணம் திரட்டுவது எப்படி?

ஸ்கிரிப்ட் இருக்கிறது, நடிக்க ஆள் இருக்கிறது, பணம்தான் இல்லை என்று வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு பணம் இல்லை?" என்பதுதான். பெரும்பாலும் "ஒரு லட்சம் இருந்தா நல்லா பண்ணிடலாம் அண்ணா" என்கிற மாதிரி குத்துமதிப்பாக ஒரு தொகை பதிலாக வரும். குத்துமதிப்புக்கு யாரும் பணம் தருவதில்லை. எதற்கு, எத்தனை ரூபாய், எந்தத் தேதிக்குள் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அவரை முன்பே தெரிந்தவர்கள்தான் தருகிறார்கள். முதல் படம் எடுக்கிற மாணவருக்கு எங்கிருந்தோ ஒரு தயாரிப்பாளர் வரப்போவதில்லை. உங்கள் போனில் இருக்கும் எண்களிலிருந்துதான் இந்தப் பணம் வரப்போகிறது. அதை ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் வேலைதான், செய்தால் நடக்கும்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது தமிழ்நாட்டில் விஸ்காமோ (விஷுவல் கம்யூனிகேஷன்) வேறு ஏதாவதோ படிக்கிற, பத்துப் பன்னிரண்டு நிமிடப் படத்தை இரண்டு நாளில் எடுக்க நினைக்கிற ஒரு குழு. அதைவிடப் பெரிய படம் என்றாலும் வழி இதேதான், தொகைதான் மாறும்.

1. கதையிலேயே செலவைப் பாருங்கள்

பணம் கேட்கக் கிளம்புவதற்கு முன்னால் ஸ்கிரிப்டை ஒரு தடவை கணக்குப்பிள்ளை மாதிரி படியுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் எங்கே, பகலா இரவா, எத்தனை பேர், என்ன பொருள் என்று எழுதுங்கள். செலவை ஏற்றுவது பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்: இடம் மாறுவது, இரவு வெளிப்புறக் காட்சி, கூட்டம். இடம் மாறினால் வண்டி, ஏற்றி இறக்க இரண்டு மணி நேரம், அதனால் இன்னொரு வேளைச் சாப்பாடு. இரவு வெளிப்புறம் என்றால் லைட், ஜெனரேட்டர், லைட்மேன். கூட்டம் என்றால் அத்தனை பேருக்கும் டீ, சாப்பாடு, போக்குவரத்து.

அனுமதி தேவைப்படும் இடங்களையும் இப்போதே பாருங்கள். மெரினாவில் எடுக்க மாநகராட்சியிடமும், ரயில் நிலையத்தில் எடுக்க ரயில்வேயிடமும், மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறைச் சின்னங்களில் எடுக்க அந்தத் துறையிடமும் போக வேண்டும், கட்டணமும் உண்டு. ரயில் நிலையத்தில் நடக்கும் பிரிவு, பேருந்து நிறுத்தத்திலோ வீட்டு வாசலிலோ நடந்தால் கதை கெட்டுவிடுமா என்று உண்மையாகவே யோசியுங்கள். சில கதைகளில் கெடும். அப்படியென்றால் அந்த இடத்துக்காகப் பணம் கேளுங்கள், மற்றதைக் குறையுங்கள்.

2. பட்ஜெட்டைக் கடைக்குப் போய் எழுதுங்கள்

யூடியூபில் பார்த்த விலையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். சென்னை என்றால் வடபழனி, சாலிகிராமம் பக்கம் கேமரா வாடகைக் கடைகள் நிறைய இருக்கின்றன, இரண்டு மூன்று கடையில் நேரில் கேளுங்கள். கேட்கும்போது நாள் வாடகை எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாமல், ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், முந்தின நாள் சாயங்காலம் எடுத்தால் கணக்கு எப்படி, கேமராவோடு கடை ஆள் வருவாரா, வந்தால் அவர் பேட்டா யார் தருவது, அட்வான்ஸ் எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த விலையா சேர்க்காததா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்ஜெட்டில் ஓட்டை விழுவது கேட்காமல் விட்ட இந்தக் கேள்விகளில்தான்.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். பதினான்கு பேர், இரண்டு நாள். தொகைகளை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேமரா, லென்ஸ் 9,000
லைட் 5,000
சவுண்ட் ரெக்கார்டிங் 7,000
சாப்பாடு, டீ, தண்ணீர் 7,000
வண்டி, பெட்ரோல் 5,000
செட் பொருள், உடை 4,000
நடிகர்களுக்குப் போக்குவரத்தும் பேட்டாவும் 4,000
இரண்டு ஹார்ட் டிஸ்க் 5,000
டப்பிங், மிக்ஸிங் 6,000
திரைப்பட விழாக் கட்டணம் 4,000

மொத்தம் 56,000 ரூபாய். எடிட்டிங்கும் கலர் கரெக்ஷனும் இதில் இல்லாததற்குக் காரணம், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே ஒரு மாணவப் படத்துக்குப் போதும். சவுண்டில் கை வைக்காதீர்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். சாப்பாட்டிலும் கை வைக்காதீர்கள். சம்பளம் இல்லாமல் இரண்டு நாள் உழைக்க வருகிற நண்பர்களுக்கு மூன்று வேளையும் நேரத்துக்கு நல்ல சாப்பாடு போடுவது இயக்குநரின் கடமை, அதைப் பட்ஜெட்டில் முதல் வரியாகவே எழுதலாம்.

கடைசியில் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவு என்று சேருங்கள். மழை வரும், ஒரு நடிகருக்குக் காய்ச்சல் வரும், கண்ணாடி உடையும்.

3. பணமாகக் கேட்க வேண்டாததைப் பணமாகக் கேட்காதீர்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன், ஏனென்றால் திரட்ட வேண்டிய தொகை இங்கேதான் குறைகிறது.

முதலில் கல்லூரி. துறையில் பூட்டிக் கிடக்கும் லைட், டிரைபாட், ரெக்கார்டர் பற்றித் துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். எடுக்கும் தேதி, திருப்பித் தரும் தேதி, பொறுப்பாளர் பெயர் மூன்றும் கடிதத்தில் இருக்கட்டும். அதோடு, "இவர் எங்கள் மாணவர், பாடத்துக்காகக் குறும்படம் எடுக்கிறார்" என்று கல்லூரி லெட்டர்பேடில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளுக்கு வாடகைக் கடையில், மண்டபத்தில், போலீஸ் வந்து கேட்கும் இடத்தில், ஸ்பான்சர் கேட்கும் கடையில் எல்லாம் மதிப்பு இருக்கிறது.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒன்று: உங்கள் ஊர்க் கல்யாண ஸ்டூடியோ. தமிழ்நாட்டில் ஒரு சின்ன டவுனில்கூட நல்ல சோனி கேமரா, அதை ஆடாமல் பிடிக்க கிம்பல், எல்இடி லைட் எல்லாம் வைத்திருப்பது இவர்கள்தான். முகூர்த்த நாளில் அவர்களைப் பிடிக்க முடியாது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, கேமரா பையிலேயே கிடக்கும். ஷூட்டிங்கை அந்த மாதங்களில் வைத்துக்கொண்டு போய்ப் பேசினால் வாடகை நன்றாகவே இறங்கும். பணமே இல்லையென்றால் உழைப்பைக் கொடுங்கள்: அடுத்த தை மாதம் இரண்டு கல்யாணத்துக்கு லைட் பிடிக்க, எடிட்டிங் செய்ய வருகிறோம் என்று சொல்லுங்கள். ஸ்டூடியோக்காரர்களுக்கு சீசனில் ஆள் கிடைப்பதே பெரிய பாடு, அதனால் இதற்குச் சம்மதிக்கிறவர்கள் உண்டு. சொன்ன கல்யாணத்துக்குக் கண்டிப்பாகப் போய்விடுங்கள், அடுத்த வருடம் உங்கள் ஜூனியர் அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

வீடு லொகேஷன் என்றால் வாடகை பேசுவதைவிட, யாராவது நண்பரின் வீட்டை அவர்கள் அம்மா அப்பாவிடம் நேரில் கேட்டு வாங்குவது நல்லது. எத்தனை பேர் வருவோம், எத்தனை மணிக்குக் கிளம்புவோம், எந்த அறை என்று முன்பே சொல்லிவிடுங்கள். மின்கட்டணத்துக்கு ஒரு தொகையும், முடிந்ததும் வீட்டைப் பெருக்கித் துடைக்க இரண்டு பேரையும் ஒதுக்குங்கள்.

இப்படிப் பார்த்தால் மேலே சொன்ன கணக்கில் லைட் 5,000 கல்லூரியிலேயே கிடைக்கிறது, ஒரு ஹார்ட் டிஸ்க் கடனாகக் கிடைப்பதில் 2,500 மிச்சம், மெஸ் நடத்தும் ஒருவர் இரண்டு மதியச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டால் இன்னொரு 3,000 மிச்சம். 56,000 என்பது 45,500 ஆகிறது. எதிர்பாராச் செலவு 4,500 சேர்த்தால் 50,000. அதில் குழுவே 10,000 போட்டுக்கொண்டால் வெளியே கேட்க வேண்டியது 40,000 ரூபாய்.

குழுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு ஆயிரம் என்று சமமாக வைக்காதீர்கள். ஹாஸ்டல் கட்டணத்துக்கே வீட்டில் கடன் வாங்கும் பையன் உங்கள் குழுவில் இருப்பான், அவன் ஆயிரம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு "எனக்கு அன்னைக்கு வேலை இருக்கு" என்று படத்தை விட்டே விலகிவிடுவான். முடிந்தவர் முடிந்ததைப் பொருளாளரிடம் தனியாகக் கொடுக்கட்டும், யார் எவ்வளவு என்று குழுவில் பேச வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வட்டிக்கு வாங்காதீர்கள், அம்மாவின் நகையை அடகு வைக்காதீர்கள், செமஸ்டர் ஃபீஸைத் தொடாதீர்கள். குறும்படத்திலிருந்து பணம் திரும்பி வராது. திரும்பி வராத ஒன்றுக்குக் கடன் வாங்கினால் அதை அடைக்கப்போவது உங்கள் அப்பாவோ அம்மாவோதான்.

4. கேட்பதற்கு முன் கணக்கைத் தயார் செய்யுங்கள்

பொருளாளர் ஒருவரை நியமியுங்கள், அது இயக்குநராக இருக்கக் கூடாது. ஷூட்டிங்கில் இயக்குநருக்கு இன்னொரு லென்ஸ் வேண்டும் என்று தோன்றும், அந்த நேரத்தில் "பணம் இல்லை" என்று சொல்ல வேறொரு ஆள் வேண்டும். அவர் பெயரில், மற்ற எதற்கும் பயன்படுத்தாத ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்கே போதும். யுபிஐ க்யூஆர் அந்தக் கணக்குக்கு மட்டும். பணம் அனுப்பும்போது திரையில் யார் பெயர் வரும் என்பதையும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள், தெரியாத பெயர் வந்தால் பலர் அனுப்பாமல் நிறுத்திவிடுவார்கள்.

வரவு ஒவ்வொன்றையும் நம் வீட்டு மொய் நோட்டு மாதிரி எழுதுங்கள்: பெயர், ஊர், தொகை, தேதி. ஐம்பது ரூபாய்க்கும் ஒரு வரி. கூகுள் ஷீட்டில் எழுதினால் குழுவில் எல்லோரும் பார்க்கலாம். செலவுக்குத் தனிப் பக்கம், பில்லின் போட்டோவோடு.

எச்சரிக்கையும் ஒன்று. க்யூஆரைப் பொதுவில் போட்டதும் "பத்தாயிரம் அனுப்புகிறேன், இந்த லிங்கைத் தட்டு, பின் நம்பரைப் போடு" என்று யாராவது வருவார்கள். நமக்குப் பணம் வர யுபிஐ பின் நம்பரைப் போடவே வேண்டியதில்லை. போடச் சொல்கிறவர் திருடர், எண்ணை பிளாக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

5. யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது

போனில் இருக்கும் எண்களை மேலிருந்து கீழ் வரை பார்த்து ஒரு பட்டியல் போடுங்கள். வேலைக்குப் போகும் அக்கா அண்ணன், சித்தப்பா, மாமா, அத்தை, பள்ளி ஆசிரியர், டியூஷன் சார், வேலைக்குப் போய்விட்ட சீனியர்கள், பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவின் நண்பர். பெயருக்கு எதிரே ஒரு தொகையை எழுதுங்கள். அவரால் யோசிக்காமல் கொடுக்க முடிகிற தொகையாக அது இருக்கட்டும். 40,000 ரூபாய் என்றால் மலைப்பாக இருக்கும். நாற்பது பேர் ஐந்நூறு, பத்துப் பேர் ஆயிரம், நான்கு பேர் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று பிரித்தால் ஐம்பத்து நான்கு பேர்தான். ஆனால் கேட்பவர்களில் பாதிப் பேராவது தரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு நூறு, நூற்றிருபது பெயர் எழுதுங்கள்.

சின்னத் தொகைகளால் படம் எடுக்க முடியுமா என்று சந்தேகம் வந்தால்: 1976இல் ஷியாம் பெனகல் எடுத்த மந்தன் படத்துக்கு குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்துத் தயாரிப்பாளர்கள் ஆனார்கள். கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேசா என்ற அமைப்பை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் மக்களிடம் திரட்டிய பணத்தில்தான் 1986இல் அம்ம அறியான் படம் வந்தது. இரண்டு இடத்திலும் கொடுத்தவர்கள் அதைத் தங்கள் படமாக நினைத்தார்கள். உங்களுக்கு ஐந்நூறு ரூபாய் தருகிற பெரியம்மாவும் அப்படி நினைக்க வேண்டும், அதற்கு அவரிடம் கதையைச் சொல்ல வேண்டும்.

காலம் முக்கியம். மாதத்தின் முதல் பத்து நாள், சம்பளம் வந்த சூட்டில் கேளுங்கள், இருபத்தைந்தாம் தேதி கேட்காதீர்கள். ஜூனில் எல்லா வீட்டிலும் பள்ளிக் கட்டணம். தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டாம். தை, வைகாசி, ஆவணியில் மொய் எழுதியே கை காய்ந்திருக்கும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆள் என்றால் ஆடியில் மொய் விருந்து (மொய் வாங்கவே வைக்கும் விருந்து) நடக்கும், அங்கே அந்த மாதமும் வேண்டாம்.

நெருங்கியவர்களிடம் நேரில் கேளுங்கள், முடியாதவர்களுக்குப் போன். குரூப்பில் செய்தி போடுவது கடைசிதான். "எல்லோரும் உதவுங்கள்" என்று முந்நூறு பேர் இருக்கும் குரூப்பில் போட்டால் வேறு யாராவது தருவார்கள் என்று முந்நூறு பேரும் நினைப்பார்கள். நேரில் கேட்டு முதல் பத்துப் பதினைந்தாயிரம் சேர்ந்த பிறகே பொதுவில் போடுங்கள், பாதியில் இருக்கும் கணக்கைப் பார்த்தால்தான் மற்றவர்களுக்கும் கை நீளும்.

பேசும்போது கதை இரண்டு வரி, ஏன் இதை எடுக்கிறீர்கள் என்பது ஒரு வரி, எவ்வளவு ஆகிறது, அவரிடம் எவ்வளவு கேட்கிறீர்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். பலர் தொகையைச் சொன்ன உடனே பதற்றத்தில் "இல்லேன்னா பரவாயில்லை மாமா, சும்மாதான் கேட்டேன்" என்று தாங்களே வாபஸ் வாங்கிவிடுகிறார்கள். அவர் யோசிக்கட்டும்.

போன் செய்தபின் அனுப்பும் செய்தி இந்த மாதிரி இருக்கலாம்:

"வணக்கம் சித்தப்பா. போன்ல சொன்ன குறும்படம் பத்தி. பத்து வருஷமா பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற ஒரு அம்மா, முதல் தடவையா ஒரு நாள் லீவு எடுக்கிறாங்க. அதுதான் கதை, 12 நிமிஷம். மொத்தச் செலவு 50,000, நாங்க 10,000 போட்டிருக்கோம், இதுவரைக்கும் 14,500 வந்திருக்கு. உங்ககிட்ட 1,000 ரூபாய் கேக்குறேன். 10ஆம் தேதிக்குள்ள அனுப்ப முடிஞ்சா கேமராவுக்கு அட்வான்ஸ் கொடுத்துடுவோம். பணம் திரும்பி வராது சித்தப்பா, ஆனா படத்துல உங்க பேர் வரும், செலவுக் கணக்கும் அனுப்புவோம்."

"பணம் திரும்பி வராது" என்ற வரியை எடுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் இதைக் கடன் என்று நினைத்துக்கொண்டால் இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பேச்சு வரும். நாளைய இயக்குநர் டிவி நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் சினிமாவுக்கு வந்ததிலிருந்து, குறும்படம் என்றாலே "அடுத்து பெரிய படமா?" என்று கேட்கிற மாமாக்கள் நிறைய. ஆமாம் என்று ஏற்றிவிடாதீர்கள். இது முதல் படம், கற்றுக்கொள்ள எடுக்கிறேன் என்று சொல்லுங்கள், அதற்குக் கொடுக்கிறவர்தான் பிறகும் உங்களோடு இருப்பார்.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவுபடுத்தலாம். மூன்றாவது தடவை வேண்டாம். தரவில்லை என்பதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் வேண்டாம், அவர் வீட்டு நிலை உங்களுக்குத் தெரியாது.

பதிலுக்கு எதைத் தருவதாகச் சொல்லலாம்? படத்தில் வரும் நன்றி அட்டையில் பெயர், திரையிடலுக்கு அழைப்பு, படப்பிடிப்புப் புகைப்படம் ஒன்று. போதும். டி-ஷர்ட், கப் என்று போனால் வந்த பணத்தில் பாதி அச்சுக்கும் கொரியருக்கும் போய்விடும். பணத்துக்கு நடிக்க வாய்ப்பு தராதீர்கள், கதையை மாற்றும் உரிமையும் தராதீர்கள். லாபத்தில் பங்கு என்ற பேச்சே எடுக்காதீர்கள், பொதுமக்களிடம் லாபம் சொல்லிப் பணம் வாங்குவது முதலீட்டுச் சட்டங்களுக்குள் போய்விடும்.

6. கடைகள், சங்கங்கள்

கடைக்காரர்களிடம் பணத்தைவிடப் பொருளாகக் கேட்பது எளிது. ஹோட்டலில் மதியச் சாப்பாடு, ஜவுளிக்கடையில் இரண்டு புடவை (வாடகை மாதிரி, துவைத்துத் திருப்பித் தருவதாக), அச்சகத்தில் போஸ்டர். வியாபாரம் சூடாக நடக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள், காலை பத்து மணி அல்லது மூன்று மணி வாக்கில் போங்கள். கல்லூரிக் கடிதம், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், தேவைப்படுவது என்ன என்ற பட்டியல் கையில் இருக்கட்டும். முதலாளி இல்லையென்றால் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வராமல், அவர் எப்போது வருவார் என்று கேட்டு மறுபடி போங்கள். படத்துக்குள் கடைப் பெயர்ப் பலகையைக் காட்டச் சொன்னால், கதை அந்தத் தெருவில் நடந்தால் மட்டும் சரி சொல்லுங்கள்.

உங்கள் கதை குடி, சாலைப் பாதுகாப்பு, கண் தானம் மாதிரி ஒன்றைத் தொட்டால் ஊரில் உள்ள ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தைக் கேட்கலாம். ஆனால் பணத்துக்காகக் கதையின் கடைசியில் ஒரு அறிவுரையைச் சேர்க்கிற நிலை வந்தால் விட்டுவிடுங்கள். முன்னாள் மாணவர் சங்கத்தையும் கேளுங்கள், துறைத்தலைவர் வழியாகப் போனால் வேகமாக நடக்கும்.

7. ஆன்லைன் தளங்களும் சட்டமும்

பொதுமக்களிடம் பணம் திரட்டும் வெளிநாட்டுத் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து திட்டம் தொடங்க முடியாது. மிலாப், கெட்டோ மாதிரி நம் ஊர்த் தளங்களில் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்குத்தான் திரட்டுகிறார்கள், உயிருக்குப் போராடும் குழந்தையின் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் குறும்படம் நிற்கும். 40,000 ரூபாய்க்குத் தளமே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு கூகுள் டாக், ஒரு க்யூஆர், போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ போதும். வீடியோவில் நீங்கள் கேமராவைப் பார்த்துப் பேசுங்கள், பின்னணியில் சினிமாப் பாட்டு போடாதீர்கள், யூடியூபில் போட்டால் உரிமைக் கோரல் வந்து நிற்கும். படத்துக்குள்ளும் இதே விதிதான், இசைக்கு உங்கள் கல்லூரியிலேயே வாசிக்கிற ஒருவரைப் பிடியுங்கள்.

வருமான வரி விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வருமானமாகக் கணக்கில் வரும். பெற்றோர், உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள் (மாமா, அத்தை, சித்தி, பெரியப்பா) கொடுப்பது இதில் சேராது. ஆனால் சித்தப்பா மகனோ அத்தை மகளோ சட்டத்தின் கணக்கில் உறவினர் இல்லை. வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு வரி கட்டும் அளவுக்குப் பெரும்பாலும் போகாது என்றாலும், பொருளாளரின் கணக்கில் தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டும் என்றால் ஆடிட்டர் ஒருவரைக் கேட்டுவிடுங்கள். கொடுக்கிறவருக்கு வரிவிலக்கு கிடைக்கும் என்று நீங்கள் சொல்ல முடியாது, அது பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு உரியது.

வெளிநாட்டில் இருப்பவர்கள்: துபாயில் வேலை செய்யும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் உட்பட, அனுப்புவது வெளிநாட்டு நிதிச் சட்டத்துக்குள் வரக்கூடும். அதனால் முகநூலில் பொதுவாகக் கேட்கும்போது அவர்கள் அனுப்பும் பணத்தை விசாரிக்காமல் வாங்கிவிடாதீர்கள், முதலில் ஆடிட்டரிடம் விவரம் கேளுங்கள்.

டிக்கெட் போட்டுத் திரையிட்டுப் பணம் திரட்டலாமே என்பார்கள். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், அடுத்தவர் படத்தைப் போடுவதானால் உரிமையாளரின் அனுமதியும் வேண்டும். அதைவிட, கல்லூரி விழாவில் ஒரு சுண்டல் ஸ்டால் போடுவது எளிது. ஒரு நாள் உழைப்பில் குழுவும் சேர்ந்து வேலை செய்யப் பழகும்.

8. தொகை சேரவில்லை என்றால்

கேட்கத் தொடங்கும்போதே கடைசித் தேதி ஒன்றை வையுங்கள், மூன்று வாரம் போதும். அதோடு இரண்டாவது பட்ஜெட் ஒன்றும் எழுதி வையுங்கள்: 25,000 மட்டும் வந்தால் எப்படி எடுப்போம்? ஒரே நாள், ஒரே வீடு, நான்கு நடிகருக்குப் பதில் இரண்டு பேர், வாடகைக் கேமராவுக்குப் பதில் போன், சவுண்டுக்கு மட்டும் அதே செலவு. அதுவும் முடியாது என்றால் வந்த பணத்தை அவரவருக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அந்த மொய்க் கணக்கு அப்போதுதான் கை கொடுக்கும். "அடுத்த வருஷம் எடுப்போம்" என்று பணத்தைக் கணக்கில் வைத்திருக்காதீர்கள், அது கரைந்துவிடும்.

9. செலவழிப்பதும் சொல்வதும்

வாடகைக்கு முழுப்பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள், அட்வான்ஸ் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஷூட்டிங் நாளில் சில்லறைச் செலவுக்கு ஒருவர் கையில் மட்டும் ரொக்கம், ராத்திரி அன்றைய கணக்கு முடிந்த பிறகுதான் தூக்கம். டப்பிங், மிக்ஸிங் பணத்தைத் தனியாக ஒதுக்கி, ஷூட்டிங்கில் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது என்று பொருளாளருக்கு அதிகாரம் கொடுங்கள். எடுத்த படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே வருடக்கணக்கில் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கடைசி ஆறாயிரம் ரூபாய் இல்லாமல் போனதுதான்.

பணம் வந்த அன்றே பெயர் சொல்லி நன்றி அனுப்புங்கள், நன்றி அட்டையில் பெயர் எப்படி வர வேண்டும், இனிஷியல் என்ன என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஷூட்டிங் முடிந்ததும் ஒரு புகைப்படமும் செலவுக் கணக்கும். எடிட்டிங் மூன்று மாதம் இழுத்தால் அதையும் சொல்லுங்கள், சத்தமே இல்லாமல் இருந்தால்தான் ஏமாந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள்.

விழாக்களுக்கு ஒதுக்கிய 4,000 ரூபாயைப் பார்த்துச் செலவு செய்யுங்கள். விழாக்களுக்குப் படம் அனுப்பும் தளமான ஃபிலிம்ஃப்ரீவேயில் கட்டணம் பெரும்பாலும் டாலரில் இருக்கும், கார்டில் அதற்குமேல் மாற்றுக் கட்டணமும் பிடிப்பார்கள். மாதாமாதம் "விருது" கொடுக்கும் ஆன்லைன் விழாக்களுக்குப் பணம் கட்டாதீர்கள், அங்கே கிடைப்பது போஸ்டரில் ஒட்டுகிற இலைச் சின்னம் மட்டும்தான். திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா, மும்பை சர்வதேசத் திரைப்பட விழா மாதிரி ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிற விழாக்களை முதலில் குறிவையுங்கள், மாணவர்களுக்கான பிரிவு இருக்கிறதா என்று விதிகளில் பாருங்கள். சில விழாக்கள் ஏற்கெனவே யூடியூபில் வந்த படத்தை எடுக்காது. ஆகவே பணம் கொடுத்தவர்களுக்குப் படத்தைக் கல்லூரி அரங்கில் போட்டுக் காட்டுங்கள், வர முடியாதவர்களுக்குப் பாஸ்வேர்ட் போட்ட லிங்கை அனுப்புங்கள், ஏன் இன்னும் பொதுவில் போடவில்லை என்று கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பெருமையில் அவர்களே பதிவிறக்கி ஸ்டேட்டஸில் வைத்துவிடுவார்கள்.